முதுகில் ஒரு படி

ஹல்லாயோகி, பின்லாந்து
செப்டம்பர் 4, 2011

ஹில்க்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை கிடங்கில் ஒரு கல் பெட்டியைத் தூக்கினேன், அதற்குப் பிறகு நிமிர முடியவில்லை. இருபது கிலோ பெட்டிதான். சவுனாவில் நீராவிக் குளியலுக்காக அடுப்பில் அடுக்குகிற அதே கருங்கல், முப்பது வருடமாக நான் தூக்குகிற அதே எடை. ஆட்கள் என்னை ஒரு பலகையில் கிடத்தி வேனில் ஏற்றினார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பு தன் இடத்தை விட்டு முன்பக்கமாக நழுவியிருக்கிறதாம்.

பதினைந்து வருடம் கழித்து இதைச் சொல்லவா எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். உன் முகவரியை அத்தை மகள் அய்லாவிடம் கெஞ்சி வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

மருத்துவர் இளம்பெண். படத்தைத் திரையில் போட்டு, பேனாவால் தட்டிக் காட்டினாள். "இது போன செவ்வாய்க்கிழமை ஆனது இல்லங்க. எலும்போட பின்பக்கம் ரெண்டு மெல்லிசான பாலம் இருக்கும். வளர்ற வயசுல பாரம் தூக்கித் தூக்கி அது விரிசல் விட்டிருக்கு. பிடிப்பு போனா முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நழுவும். உங்களுக்கு மெதுவா நழுவியிருக்கு, அதான் இத்தன நாள் தெரியல" என்றாள். பிறகு கேட்டாள்: "கூடப் பொறந்தவங்க யாருக்காவது இது இருக்கா? ஒரே குடும்பத்துல வர்றதுண்டு."

இல்லை என்றேன். அவளும் இல்லை என்று பதிந்துகொண்டாள்.

உனக்கு அங்கே ஸ்வீடனில் முதுகில் ஆபரேஷன் நடந்ததாக அம்மா ஒருமுறை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன செய்தார்கள்? எத்தனை நாள் படுக்கை? அதற்குப் பிறகு குனிய முடிகிறதா? போட்டிக் கடைக்காரனிடம் சரக்கு விவரம் கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கே. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்?

ஒஸ்மோ

—

வெஸ்தெரோஸ், ஸ்வீடன்
செப்டம்பர் 15, 2011

ஒஸ்மோவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை போன் அடித்ததும் நீதான் என்று தெரியும். இனி அடிக்காதே. போனில் நீ பேசினால் எனக்குத் தேவையில்லாததைக்கூட வாங்க வைத்துவிடுவாய். எழுது. எழுத்தை நான் மடித்து வைத்துவிட்டு நடந்துபோக முடியும்.

கேட்டதற்குப் பதில். 1988இல் எனக்கு ஆபரேஷன். வயது இருபத்துநான்கு. இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து, நழுவிய எலும்பையும் அதற்குக் கீழே உள்ளதையும் சேர்த்து ஒட்டினார்கள், திருகாணி போட்டார்கள். ஆறு மாதம் இடுப்புப் பட்டை. குனிவேன், முழங்காலை மடக்கி. பாரம் தூக்கமாட்டேன். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தேன், விட்டுவிட்டேன். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? நகராட்சி நீச்சல் குளத்தில் சீட்டுக் கொடுக்கிறேன். காலையில் திறக்கும் முன் நாற்பது சுற்று நீந்துகிறேன். அதனால்தான் நடமாடுகிறேன்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. உன்னுடையது எவ்வளவு நழுவியிருக்கிறது என்று கேள். கால்பங்கு வரைக்கும் என்றால் பெரும்பாலும் பயிற்சியிலேயே ஓட்டிவிடலாம். என்னுடையது பாதியைத் தாண்டியிருந்தது, ஏனென்றால் யாரும் பார்க்காமலே பல வருடம் ஓடிவிட்டது. கால் இழுக்கிறதா? விரல் மரத்துப்போகிறதா? எழுது. ஒருவேளை தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. கையில் இருக்கிற பில்லை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதே. உன்னை எனக்குத் தெரியும்.

அப்புறம், அம்மாவின் அடக்கம். மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க ஆறு பேர் வாரைப் பிடிக்க வேண்டும், ஆறாவது வார் என்னுடையது. என்னால் முடியாது என்று நான் உன் காதோடு சொன்னேன். நீ சபை மண்டபத்தில், கையில் காப்பிக் கோப்பையோடு, ஊர் கேட்கச் சொன்னாய்: "நம்ம ஹில்க்காவோட முதுகுக்கு கல்லு ஏத்துற லாரி சத்தம் கேட்டாலே வலி வந்துரும். இப்ப அம்மாவும் லாரி ஆயிட்டா."

இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் சொல்வேன்.

உன் முதுகு எப்படி, ஒஸ்மோ? லாரி சத்தம் கேட்கிறதா?

ஹில்க்கா

—

ஹல்லாயோகி
செப்டம்பர் 25

ஹில்க்கா,

கேட்கிறது.

நழுவல் கால்பங்கைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. இடது பெருவிரல் மரத்திருக்கிறது. கால் இழுக்கவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் பயிற்சி செய்துபார் என்று ஒரு ஆளிடம் அனுப்பினார்கள். பெயர் பெக்கா. வயது என் கடைக் கல்லாப்பெட்டியின் வயதுகூட இராது. என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, "தொப்புள முதுகோட ஒட்டுங்க, ஒஸ்மோ. இல்ல, மூச்ச அடக்காதீங்க. நீங்க யாரோடயும் சண்ட போடல" என்கிறான். பின்னால் வளைகிற எதையும் செய்யக்கூடாதாம். கடையில் அடுப்புகளுக்கு நடுவே தரைவிரிப்பு போட்டு அதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டார். "எந்த அடுப்புக்குக் கீழ இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் எழுந்திருக்கும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். எழுந்திருக்க எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

காலுறை போட்டுக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டு இர்மெலி தினமும் காலையில் வந்து மாட்டிவிட்டுப் போகிறாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடக்கத்தன்று நான் பேசியது ஈனப் பேச்சு. அன்று மாலையே தெரியும். கார் எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்தேன், நீ ஏறியிருந்தாய். ஏறியிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

எங்களிடம் புதிதாக ஒரு அடுப்பு வந்திருக்கிறது. சின்னது, மின்சாரம், அழகானது. உனக்கு ஒன்று அனுப்பட்டுமா? கல்லோடு சேர்த்து. கப்பல் கூலி, வீட்டில் பொருத்தும் கூலி, எல்லாம் என் பொறுப்பு. மறுக்காதே.

ஒஸ்மோ

—

வெஸ்தெரோஸ்
அக்டோபர் 3

ஒஸ்மோ,

நான் நான்காவது மாடியில், ஒன்றரை அறை வீட்டில் இருக்கிறேன். குளியலறையில் நின்றால் நான் இருக்கலாம் அல்லது துவாலை இருக்கலாம். உன் அடுப்பைத் தலையில் வைத்துக்கொள்ளவா?

உன்னோடு இரண்டு கோடை வேலை செய்திருக்கிறேன். நீ எதையாவது இலவசமாகக் கொடுத்தால், சரக்கில் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் வெடிக்கிற கல் கலந்துபோன மூட்டைக்குத்தான் நீ கல்லில் தண்ணீர் ஊற்றும் கரண்டியும் வாளியும் சும்மா கொடுப்பாய்.

என்ன விரிசல்? சொல்லு.

ஹி.

—

ஹல்லாயோகி
அக்டோபர் 9

ஹில்க்கா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் காலில் மின்சாரம் ஓடுகிறது. மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

1981, ஜூன். அப்பா போய் இரண்டு வருடம். நம் முதல் பெரிய ஆர்டர் அந்த ஏரிக்கரை விடுதி. நாற்பது சவுனா, நூற்றிருபது மூட்டைக் கல். திங்கட்கிழமை லாரி. நீ வெள்ளிக்கிழமை கல் பொறுக்கிய வயலில் மூட்டையோடு முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாய். சனிக்கிழமை உன்னைத் தபால்காரர் வெர்னெரியிடம் கூட்டிப்போனேன். நம் ஊரில் முதுகு பிடித்தால் மருத்துவரிடம் யார் போனார்கள்? எலும்பு நீவுகிறவரிடம்தான். அவர் சவுனாவை மிதமாகச் சூடாக்கி, உன்னை மேல்பலகையில் குப்புறப் படுக்கவைத்தார். நான் காப்பிப் பொட்டலத்தோடு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசியது இதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை:

"தம்பி, இதுல நான் கை வைக்க மாட்டேன்."

"ஏன், அவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்கா?"

"பிடிப்பா இருந்தா நீவி எடுத்துருவேன். இது பிடிப்பு இல்ல. விரல மேலேருந்து கீழ இறக்கிட்டு வந்தா ஒரு இடத்துல படி தட்டுது. மாடிப்படி மாதிரி. எலும்பு உள்ள போயிருக்கு. இத நான் அமுக்குனா பொண்ணு நடக்காம போயிருவா. திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் படம் எடு. அதுவரைக்கும் ஒரு வாளித் தண்ணிகூட அவ தூக்கக் கூடாது."

"திங்கக்கிழம லாரி வருதே, வெர்னெரி."

"லாரிக்கு முதுகு கிடையாது. அவளுக்கு இருக்கு."

உனக்குப் பதினேழு வயது. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் ஆண்பிள்ளை என்று அவர் என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் பேரில் குற்றமில்லை, அந்தக் காலத்து மனிதர்.

நான் உள்ளே வந்து, "உடுத்திக்கோ. தசைப் பிடிப்புதானாம். அசஞ்சு குடுத்து வேல பாத்தா போயிருமாம்" என்றேன்.

திங்கட்கிழமை லாரி போகட்டும், செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். லாரி போயிற்று, அடுத்த ஆர்டர் வந்தது. ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஒரு மாதம் ஆனபிறகு அது சொல்லக்கூடிய பேச்சாகவே இல்லை. இரண்டு கோடை தூக்கினாய்.

உன்னைச் சோம்பேறி என்று நான் ஊரெல்லாம் சொன்னதற்குக் காரணம் இதுதான். நீ சோம்பேறியாக இருந்தால் நான் தப்பு செய்தவன் இல்லை. அதற்காக உன்னைச் சோம்பேறியாகவே வைத்திருந்தேன், அம்மாவின் சவப்பெட்டிக்கு முன்னால்கூட.

விரிசல் விட்ட கல்லைத் தண்ணீர் ஊற்றிய முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். நான் முப்பது வருடம் மறைத்துவிட்டேன். அந்தப் பெண் மருத்துவர் திரையில் என் எலும்பைக் காட்டினபோது ஒரு படி தெரிந்தது. வெர்னெரியின் விரல் என் முதுகில் இறங்குகிற மாதிரி இருந்தது.

நீ பதில் எழுதவேண்டும் என்று கேட்கமாட்டேன்.

ஒஸ்மோ

—

வெஸ்தெரோஸ்
அக்டோபர் 30

ஒஸ்மோ,

மூன்று வாரமாக உன் கடிதம் ரொட்டிப் பெட்டிக்குள் கிடக்கிறது. முதல் வாரம் எழுதியதைக் கிழித்தேன். இரண்டாம் வாரம் எழுதியதைத் தபால்பெட்டி வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். அதில் இருந்த வார்த்தைகள் உனக்குத் தகும். ஆனால் அது முழுக்கணக்கு இல்லை.

வெர்னெரி காசு வாங்கமாட்டார். கை வைத்தால் ஒரு பொட்டலம் காப்பி. கை வைக்காவிட்டால் அதுவும் வேண்டாம் என்பார். இது ஹல்லாயோகியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அன்று மாலை அந்தப் பொட்டலம் நம் சமையலறை அலமாரியில் இருந்தது. மேல்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால். நீ ஒளித்து வைத்த இடத்துக்குத்தான் என் கை முதலில் போயிற்று. "வெர்னெரி காப்பி வாங்கலயா?" என்று கேட்டேன். "அவர் வீட்டுல நிறைய இருக்காம்" என்றாய். யார் வீட்டிலும் காப்பி நிறைய இருந்ததில்லை, ஒஸ்மோ.

அவர் கை வைக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஏன் என்று நான் அவரிடம் போய்க் கேட்கவில்லை. சைக்கிளில் தினமும் நம் வாசலில் நிற்கிறவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருமுறை அவரே என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில என்னம்மா சொன்னாங்க?" என்றார். "எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் கல் தூக்க விடமாட்டார்கள். தூக்காவிட்டால் நான் மறுபடியும் அடுப்படிப் பெண். கடைப்பலகையில் உன் பெயரோடு என் பெயரும் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பலகைக்காக வாயை மூடிக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை. என்னை ஆபரேஷன் செய்தவர் "இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று கேட்டபோதுகூட, தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காப்பியை ஞாயிற்றுக்கிழமை நான்தான் போட்டேன். நீயும் குடித்தாய், நானும் குடித்தேன்.

இதைப் படித்து நிம்மதியடையாதே. என் பங்கு ஒரு கரண்டி, உன் பங்கு பானை. நீ இருபத்திரண்டு வயதுக்காரன், உன்னிடம் ஒருவர் தெளிவாகச் சொன்னார். நான் ஒரு பொட்டலத்தைப் பார்த்துப் பயந்த பெண். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதே.

கால் எப்படி இருக்கிறது?

ஹில்க்கா

—

ஹல்லாயோகி
நவம்பர் 8

ஹில்க்கா,

கலக்கவில்லை. பானை என்னுடையது.

கால் இழுக்கிறது. பெக்காதான் கண்டுபிடித்தான். "குதிகாலால நடங்க" என்றான். வலது கால் நடந்தது, இடது பாதம் சேற்றில் விட்ட செருப்பு மாதிரித் தொப்பென்று விழுந்தது. அவன் முகம் மாறிவிட்டது, அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு நசுங்குகிறது, இனிக் காத்திருப்பதில் லாபமில்லை என்றார்கள். ஆபரேஷன் நவம்பர் 28. நரம்புக்கு இடம் விட்டு, உன்னுடையதைப்போலவே ஒட்டித் திருகாணி போடுவார்கள். பாதம் திரும்பி வரலாம், முழுக்க வராமலும் போகலாம் என்று நேராகச் சொன்னாள் அந்த மருத்துவர். முன்பு குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னேனே, அது பொய் என்று அவளிடம் சொல்லித் திருத்தினேன். "தங்கச்சிக்கு. என்னைவிட மோசம்" என்றேன்.

போன சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அம்மா அப்பாவுக்கு மெழுகுவத்தி வைத்தேன். வெர்னெரிக்கும் ஒன்று வைத்தேன், குனிய முடியாததால் இர்மெலி கொளுத்திக் கொடுத்தாள். பிறகு எல்லோரும் சபை மண்டபத்தில் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். அதே மண்டபம், அதே மேசைகள். பதினைந்து வருடத்துக்கு முன் சிரித்தவர்களில் ஒருவர் இருக்கிறார், மற்றவர் போய்விட்டார். நான் எழுந்து நின்றேன். எழுந்திருப்பதே பெரிய காட்சியாகிவிட்டதால் பேச்சு தானாக அடங்கியது.

"அம்மா அடக்கத்தன்னிக்கு என் தங்கச்சிய பத்தி இங்க ஒண்ணு சொன்னேன். அவளுக்கு வலி நெசம். அவ முதுகெலும்பு நழுவி இருக்குன்னு அவளுக்குப் பதினேழு வயசா இருந்தப்பவே எனக்குத் தெரியும். வெர்னெரி சொன்னார். நான் மறச்சு, கல்லு தூக்க வெச்சேன்" என்றேன்.

வெர்னெரியின் மகன் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் பாடகர் குழுவில் பாடும் அந்த லெம்பி அக்கா, "காப்பி ஆறுது, ஒஸ்மோ. உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை, ரொட்டித் தட்டு மட்டும் என் பக்கம் வந்தது. திங்கட்கிழமை மூன்று பேர் கடைக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. வராமலிருக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

கிடங்கில் இருபது கிலோப் பெட்டியை நிறுத்திவிட்டேன். இனிப் பத்துக் கிலோதான். "முதலாளிக்கு முதுகு போனாத்தான் எங்களுக்கு முதுகு இருக்கறது தெரியுது" என்றார்கள் ஆட்கள், என் காதில் விழும்படியே. சரிதான் என்றேன்.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் சில வாரம் வீட்டில் ஆள் இருக்கவேண்டுமாம். கூலிக்கு ஆள் பிடிக்க என்னால் முடியும். ஆனால் கேட்கிறேன். வருவாயா? வரமாட்டேன் என்றால் அது நியாயம் என்று எனக்குத் தெரியும்.

ஒஸ்மோ

—

வெஸ்தெரோஸ்
நவம்பர் 15

அண்ணனுக்கு,

லெம்பி அக்கா எனக்குப் போன் செய்தாள். பதினைந்து வருடத்தில் முதல் முறை. நீ எழுதியது சரிதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். உட்கார்ந்தபிறகு நீ அழுதாயாம். அதை எனக்கு விற்கப் பார்க்காமல் விட்டதற்காக உன்னைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

வருகிறேன், ஆனால் சும்மா இல்லை.

இரண்டு வாரம். மூன்றாவது வாரத்தைக் கேட்பாய் என்று தெரியும், கேட்காதே. நான் உன்னைத் தூக்கமாட்டேன், என்னால் முடியாது. எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. தினமும் வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும், நானும் கூட நடப்பேன். முதல் நாள் தபால்பெட்டி வரை. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தொடக்கூடாது. காலுறையை நான் மாட்டமாட்டேன், அதற்கு நீளக் கைப்பிடி வைத்த கருவி ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். இர்மெலியை விட்டுவிடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அது எனக்கே இன்னும் தெரியவில்லை. அதனால் வெர்னெரியின் வழக்கப்படி வருகிறேன். விலை ஒரு பொட்டலம் காப்பி. கை வைத்தேன் என்று எனக்குத் தோன்றினால் எடுத்துக்கொள்வேன். தோன்றாவிட்டால் விட்டுவிட்டுப் போவேன். எந்தத் தட்டில், எந்த டப்பாவுக்குப் பின்னால் வைப்பது என்று உனக்குத் தெரியும்.

ஹில்க்கா

—

ஹல்லாயோகி
நவம்பர் 20

ஹில்க்கா,

பிறகு சச்சரவு வரக்கூடாது என்பதற்காக, ஒப்புக்கொண்டதைத் திருப்பி எழுதுகிறேன். டிசம்பர் 1, துர்க்கு துறைமுகத்தில் கப்பல் வரும்போது அய்லா காரோடு நிற்பாள். உன் பெட்டியை அவள் தூக்குவாள். இரண்டு வாரம், மூன்றாவதைக் கேட்கவில்லை. எழுவது பக்கவாட்டில். நடை தினமும். ஐந்து கிலோவுக்கு மேல் தொடுவதில்லை. காலுறை கருவியால். நீ யாரையும் தூக்கமாட்டாய், எதையும் தூக்கமாட்டாய், தண்ணீர் வாளி உட்பட.

விலை: அரைக் கிலோ காப்பி, லேசாக வறுத்தது, பிரிக்காத பொட்டலம். நேற்றே வாங்கிவிட்டேன். சமையலறை மேசை நடுவில் இருக்கிறது, எதற்குப் பின்னாலும் இல்லை. நீ கிளம்பும் நாளில் அதை எடுத்துக்கொண்டாலும் சரி, விட்டுப்போனாலும் சரி, ஏன் என்று கேட்கமாட்டேன். விட்டுப்போனால் அதை நான் குடிக்கமாட்டேன்.

ஒஸ்மோ